வலப்பக்கக் கதவு

பழைய போர் விமானம் எதுவானாலும் சரி, படத்தை நீட்டினால் ரெஜினா டீச்சர் பெயர் சொல்லிவிடுவார். விமானப்படையின் இருட்டறையில் இருபது வருஷம் படம் கழுவியவர், இப்போது பழைய படங்களை அடையாளம் காணக் கற்றுக்கொடுக்கிறார். அவரிடம் சீடராகச் சேர்ந்த ஞானதுரை அவரைவிடப் பத்து வயசு மூத்தவர். ரயில்வேயில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்ற மனுஷன். கெட்டிக்காரர்தான். அது அவருக்கே கொஞ்சம் அதிகமாகத் தெரியும், அதுதான் வில்லங்கம்.

அன்று டீச்சர் வெளியே போயிருந்தார். எண்பத்திரண்டு வயசு பார்வதியம்மாள் ஞானதுரைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். கையில் அப்பாவின் ஒரே படம், விமானத்துக்குப் பக்கத்தில் சீருடையில் நிற்கிறார். யுத்த காலத்தில் விமானத்தோடு காணாமல் போனவர். இப்போது மலையில் ஒரு விமானமும் எலும்புகளும் கிடைத்திருந்தன. நாலு மணிக்குள் விமானப்படை அலுவலகத்துக்குப் போன் போட்டு உரிமை கோராவிட்டால், பெயரில்லாமல் புதைத்துவிடுவார்கள்.

"அந்த வாரம் ரெண்டு விமானம் திரும்பலை" என்றார் ஞானதுரை. "மலையில கிடைச்சதுக்குக் கதவு இடப்பக்கம். கடல்ல விழுந்தது அபூர்வமான வகை, அதுக்கு வலப்பக்கம்."

"அப்பா ஓட்டினது எது தம்பி?"

படத்தில் விமானத்தின் எண்ணை யுத்த காலத் தணிக்கைக்காரன் சுரண்டியிருந்தான். ஞானதுரை பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். கதவு வலப்பக்கம்! இந்த வகைக்கு ஒரு படம்கூட இல்லை என்றல்லவா நினைத்திருந்தார்!

"எங்கம்மா இந்தப் படத்தைச் சுவத்துல மாட்டவே விடலை தம்பி. இது அவர்..."

"கொஞ்சம் பேசாம இருங்கம்மா. அளந்துக்கிட்டு இருக்கேன்."

மூன்றரை மணிக்கு நிமிர்ந்தார்.

"மலையில இருக்கிறது உங்கப்பா இல்லம்மா."

பார்வதியம்மாள் படத்தைப் பையில் வைக்கப் போனார். அப்போதுதான் டீச்சர் உள்ளே வந்தார்.

"டீச்சர், அபூர்வம்! பாருங்க!"

டீச்சர் படத்தை வாங்கி ஒரு தடவைதான் பார்த்தார்.

"ஞானதுரை சார், விமானிக்குச் சின்னம் எந்த மார்புல?"

"இடது."

"இதுல?"

ஞானதுரை குனிந்து பார்த்தார். வலது மார்பில் இருந்தது.

டீச்சர் சுவரிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றிப் படத்துக்கு எதிரே பிடித்தார். சின்னம் இடப்பக்கம் போனது. கதவும் போனது.

"பிரிண்ட் போடும்போது பிலிமைத் திருப்பி வச்சிட்டாங்கம்மா."

பார்வதியம்மாள் கண்ணாடிக்குள் குனிந்தார்.

"ஐயோ, இடது புருவத்துல வெட்டு! அம்மா சொன்ன முகம்! இது அவர் முகமே இல்லைன்னு அம்மா சாகிறவரைக்கும் சொன்னாங்களே... அதைத்தானே இவர்கிட்ட சொல்ல வந்தேன்!"

டீச்சர் போனை அவர் பக்கம் நகர்த்தினார். மணி மூன்று ஐம்பது.

"வேலாயுதம்" என்று பார்வதியம்மாள் போனில் சொன்னார். "ஆமாங்க. எங்கப்பாதான். நான் வர்றேன், புதைச்சிடாதீங்க." அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்து அழுதார்.

ஞானதுரைக்கு அவமானம் தாங்கவில்லை.

"இஞ்சு இஞ்சாப் பார்த்தேனே டீச்சர்! இனிமே ஒரு படம் வந்தா முதல்ல எதைப் பார்க்கட்டும்?"

டீச்சர் கண்ணாடியைப் பழையபடி ஆணியில் மாட்டினார்.

"அவங்க ஏதோ சொல்ல வந்தாங்களாமே சார். போய் அதை முழுசாக் கேட்டுட்டு வாங்க."