கோர்ட்டுக்கு வந்த ஏரி

ஒரு ஊர்ல ஒரு வாத்துக்காரி இருந்தா. பேரு உண்ணாமலை. வீட்டுல ஆளுன்னு யாரும் கிடையாது, நாப்பது வாத்துதான். காலையில மூங்கில் கழியை எடுத்துக்கிட்டு அவ கெளம்புனா, முன்னால வாத்தெல்லாம் வக் வக் வக்னு வாலை ஆட்டிக்கிட்டே போகும். ம் கொட்டு தங்கம். நீ ம் கொட்டலேன்னா வாத்து நடுரோட்டுலயே நின்னுடும், அப்புறம் பஸ்காரன் அத்தையைத்தான் திட்டுவான்.

“ம்.”

ஆங், அப்படி. எங்க போகும்? கொக்கேரிக்கு. ஊருக்கு மேற்கால இருக்கற ஏரி. வாத்து நத்தை தின்னும், உண்ணாமலை கரையில உக்காந்து ஏரியைப் பாத்துக்கிட்டே இருப்பா. முக்குளிப்பான்னு ஒரு பறவை டுபுக்குனு முங்கும், எங்கேயோ அந்தாண்ட தலை தூக்கும். தண்ணிக்குள்ள நிக்கற கருவேல மரத்துல நாரைங்க கூடு கட்டி குஞ்சு பொரிச்சிருக்கும். அவளுக்கு அதெல்லாம் சொந்தக்காரங்க மாதிரி.

அப்போ ஒரு நாள் தடதடதடன்னு லாரி வந்துச்சு. தொபீர்னு ஏரியில மண்ணைக் கொட்டுச்சு. தனகோட்டின்னு ஒருத்தர், மனை போட்டு விக்கறவர், ஏரியை மேடாக்கப் போறாராம். நாரைக்குஞ்சுக்கு இன்னும் றெக்கைகூட முளைக்கல. உண்ணாமலைக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. வராதா பின்ன?

நேரா கிராம ஆபீசரைப் போய்ப் பாத்தா. ஏரி உன் பேர்ல இருக்கான்னு கேட்டாரு. இல்லீங்கன்னா. அப்போ உனக்கென்ன வந்துச்சு, போய் வாத்தை மேய்னு அனுப்பிட்டாரு.

அப்புறம் தாலுகா ஆபீசுக்குப் போனா. அங்க ஒருத்தர் பேனாவால காதைக் குடைஞ்சுக்கிட்டே, பாதிக்கப்பட்டவங்கதாம்மா மனு கொடுக்கணும்னாரு. பாதிக்கப்பட்டது ஏரிதானே, அது பேர்லயே கொடுக்கறேன்னா இவ. அந்த ஆபீசே சிரிச்சுது. சிரிக்கட்டுமே, அவங்களுக்கென்ன, வேளாவேளைக்கு டீ வருது.

அப்புறம் மூணாவதா கோர்ட்டு. கோர்ட்டு வாசல்ல டைப் அடிக்கற ஒரு அக்கா மட்டும் சிரிக்கல. மனுதாரர் கொக்கேரின்னு அடிச்சுக் கொடுத்துட்டு, டவாலி மூணு தடவை பேரைக் கூப்பிடுவாரு, மனுதாரர் நேர்ல வந்து நிக்கணும், இல்லேன்னா கேஸ் போயிடும்னு சொல்லி அனுப்புனா. உண்ணாமலை அதை அப்படியே நம்பிட்டா. தூங்கிட்டியா?

“ம்ம்.”

அந்த நாளும் வந்துச்சு. டவாலி வெளிய வந்து, “கொக்கேரீ”ன்னாரு. யாரையும் காணோம். “கொக்கேரீ”ன்னாரு. தனகோட்டி மீசையைத் தடவிக்கிட்டாரு. மூணாவது தடவை கூப்பிடும்போது தளக் புளக், தளக் புளக்னு ஒரு சத்தம். உண்ணாமலை இடுப்புல ஒரு குடத்தோட வேர்க்க விறுவிறுக்க ஓடியாரா. “வந்திருக்குங்க”ன்னு குடத்தை இறக்கி வெச்சா. உள்ள ஏரித் தண்ணி. ரெண்டு கெண்டைக்குஞ்சு, ஒரு நத்தை, கொஞ்சம் பாசி.

தனகோட்டியோட வக்கீல் விழுந்து விழுந்து சிரிச்சாரு. தண்ணியெல்லாம் கேஸ் போட முடியுமான்னு கேட்டாரு.

உண்ணாமலை ஜட்ஜம்மாவைப் பாத்துக் கேட்டா: “எங்க ஊரு புள்ளையாருக்கு அவரு பேர்லயே நெலம் இருக்கு. அதுக்குக் கேஸும் நடந்துச்சு. புள்ளையாரா வந்து பேசுனாரு? அவருக்கு ஒண்ணுன்னா அவருக்காக ஒருத்தரைப் பேச விடறீங்க. நாரைக்கும் மீனுக்கும் சோறு போடறவ இந்த ஏரி, இவளுக்காக ஒருத்தி பேசக் கூடாதாம்மா?”

ஜட்ஜம்மா எழுந்து வந்து குடத்துக்குள்ள எட்டிப் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம், இதுல உனக்கென்ன நஷ்டம்னு கேட்டாங்க.

“எனக்கு ஒண்ணுமில்லம்மா. நான் வாத்தை ஓட்டிக்கிட்டு வேற எடம் போயிடுவேன். அதால போக முடியாதே.”

ஜட்ஜம்மா தீர்ப்பு எழுதுனாங்க. இனிமே கொக்கேரியும் ஒரு ஆளு. அதுக்கு உசுரோட இருக்க உரிமை உண்டு, அதுல பொறந்த குஞ்சுக்கும் மீனுக்கும் உண்டு. கொட்டுன மண்ணைத் தனகோட்டியே அள்ளணும்.

அப்புறம் உண்ணாமலையைக் கூப்பிட்டு, வாயில்லாப் புள்ளைக்கு ஒரு காப்பாளர் வேணும், அது நீதான்னாங்க. “ஆனா காப்பாளரு அந்தப் புள்ளையோட சொத்தைத் தொடக் கூடாது. உன் வாத்து அங்க மேயக் கூடாது. சம்மதமா?”

பாவம், நாப்பது வயித்துக்கும் அந்த ஏரிதானே சோறு. உண்ணாமலை குடத்தைப் பாத்தா. முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு, “சம்மதம்மா”ன்னா. எனக்கு அவளை அப்படியே கட்டிப் பிடிச்சுக்கணும் போல இருக்கு.

அப்புறம் லாரி வந்து மண்ணை அள்ளிக்கிட்டுப் போச்சு. மறுநாள் காலையில உண்ணாமலை, அறுத்த வயல்ல மேய்க்கலாம்னு வாத்தை ஓட்டிக்கிட்டுக் கெளம்புனா. அதுங்களுக்குத் தீர்ப்பு தெரியுமா என்ன? கரைகிட்ட வந்ததும் வக் வக்னு தண்ணிக்கு ஓடுச்சு. அவ ஓடிப்போய்க் குறுக்கால கழியை நீட்டுனா.

“எறங்காதீங்கடி. எறங்குனா உங்க மேலதான் நான் மொதக் கேஸு போடணும்.”

அவ்வளவுதான் தங்கம். வாத்தெல்லாம் வயலுக்குப் போயாச்சு, நாரைக்குஞ்சு கூட்டுல தூங்கியாச்சு. உன் ம் சத்தத்தையும் காணோம். கதையை மூடி வெச்சாச்சு, நீ கண்ணை மூடு.