ஜொகரா மாமி ஓதிய மர்யம் சூரா

ஜொகரா மாமி குர்ஆன் ஓதப் படித்தது ஐம்பது வயதுக்கு மேல்தான். ஓதிக்கொடுத்த உஸ்தாபி ஜெமீலாவுக்கு மாமியின் மகள் வயசு. தெருவே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று மாமி விடாமல் போய் உட்கார்ந்தாள். மர்யம் சூராவைத் தமிழ் அர்த்தத்தோடு மனப்பாடமே செய்துவிட்டாள். காரணம் இருந்தது. மகள் ஃபஸீனா முழுகாமல் இருந்தாள். பேறு லேசாக வேண்டும் என்று, மர்யம் பிள்ளை பெற்ற கதை வரும் அந்த அத்தியாயத்தை ஓதுவது எங்கள் ஊர் வழக்கம்.

வெள்ளிக்கிழமை காலையில் ஃபஸீனாவுக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் எஸ்தர் நர்ஸம்மா, முடிந்தவரை நடக்கச் சொன்னார். நடக்க முடியாவிட்டால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், முட்டி போடலாம். நிமிர்ந்திருந்தால் பிள்ளை தன் பாரத்திலேயே கீழே இறங்கும், மல்லாந்து மட்டும் கிடக்காதே என்றார்.

மாமி காதில் இதெல்லாம் ஏறுமா? அல்லாஹ்வின் வேதத்தை ஓதும்போது பெண்பிள்ளை குறுக்கும் நெடுக்கும் உலாத்துவதாவது! நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஓத உட்கார்ந்துவிட்டாள். மகள் எழுந்திருக்கப் பார்த்தால் கையால் அமர்த்தினாள். தண்ணீர் கேட்டால் கண்ணால் அடக்கினாள். அந்தப் பெண்ணும் உம்மாவுக்குப் பயந்து, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்துக் கிடந்தது.

நடுப்பகல் லுஹர் தொழுகை நேரமும் வந்தது. பிள்ளை இறங்கிய பாடில்லை. டாக்டரம்மா பார்த்துவிட்டு, பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சாயங்காலம் வரை இப்படியே இருந்தால் ஆபரேஷன்தான் என்று சொல்லிப் போனார். ஃபஸீனா அழ ஆரம்பித்தாள். கத்தி என்றாலே அவளுக்குப் பயம்.  மாமி தன் ஓதலில்தான் கோளாறு என்று முடிவு கட்டி ஜெமீலாவுக்குப் போன் போட்டாள்.

ஜெமீலா வந்ததும் மாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்த எழுத்தை விழுங்கினேன்னு தெரியல உஸ்தாபி. என் புள்ளைக்கு இப்படி ஆயிடுச்சு. நீங்க கேட்டுச் சொல்லுங்க."

ஜெமீலா கட்டிலைப் பார்த்தாள். நாற்காலியையும் பார்த்தாள்.

"ஓதுங்க மாமி."

மாமி உட்கார்ந்து ஓதினாள். மர்யம் அலைஹிஸ்ஸலாம் பிரசவ வலியோடு பேரீச்ச மரத்தடிக்கு வந்த இடம் தாண்டியது. அங்கே ஓர் ஆயத்து, ஒரு வசனம், முடிந்ததும் ஜெமீலா கையை உயர்த்தினாள்.

"இதுக்கு அர்த்தம்?"

மர்யமுக்கு வந்த கட்டளை அது; மாமிக்கு அர்த்தம் தண்ணீர் பட்ட பாடு.

"மரத்தோட அடியைப் பிடிச்சு உங்க பக்கமா உலுக்குங்க. கனிஞ்ச பழம் உங்க மேல உதிரும்."

 ஜெமீலா ஃபஸீனாவுக்கு வயிறாரத் தண்ணீர் கொடுத்தாள். மெல்ல எழுப்பி நிற்க வைத்தாள். பிறகு மாமியை நாற்காலியிலிருந்து எழுப்பி மகளுக்கு எதிரே நிறுத்தி, மகளின் இரண்டு கைகளையும் எடுத்து உம்மாவின் கழுத்தில் கோத்துவிட்டாள்.

"இப்ப அதே ஆயத்துல இருந்து ஓதுங்க."

வலி வரும்போதெல்லாம் ஃபஸீனா உம்மாவின் கழுத்தில் தொங்கி அப்படியும் இப்படியும் ஆடினாள். மாமியின் முக்காடு நழுவியது. பிடரி வலித்தது. மூச்சு வாங்கி ஓதல் அங்கங்கே அறுந்தது. அறுந்த இடத்திலிருந்து மறுபடி பிடித்தாள். எஸ்தர் நர்ஸம்மா பின்னாலிருந்து ஃபஸீனாவின் இடுப்பைத் தேய்த்துக்கொண்டே, தலை இறங்குகிறது, அப்படியே இரு கண்ணு என்றார். கொஞ்ச நேரத்தில் கீழே மெத்தை விரித்தார். ஃபஸீனா முட்டி போட்டு உம்மாவைக் கட்டிக்கொண்டாள். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் முன்பே பெண் குழந்தை பிறந்துவிட்டது. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

ஜெமீலா மாமியின் பையிலிருந்த பேரீச்சம்பழத்தில் ஒன்றை எடுத்து ஃபஸீனாவின் வாயில் வைத்தாள். அவள் கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். மாமி பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், திரும்பவும் அழுதாள். ஆனாலும் மாமி மாமிதான். மனசுக்குள் குடைந்துகொண்டே இருந்ததைக் கேட்டேவிட்டாள்.

"காலையில எந்த எழுத்துதான் தப்பாச்சு உஸ்தாபி?"

ஜெமீலா மாமியின் முக்காட்டைத் தலையில் இழுத்துவிட்டாள்.

"எழுத்தெல்லாம் சரிதான் மாமி. மரம்தான் நாற்காலியில உட்கார்ந்திருந்துச்சு."