நடுவரின் கையைப் பிடித்த உடும்பு

சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் பல்லெல்லாம் கொட்டிப் போகட்டும்! ஏற்கெனவே கொட்டியது போக மிச்சம் இருக்கிற பல்லைச் சொல்கிறேன்.

கருங்காலிக் காட்டில் முத்திருளன் என்று ஓர் உடும்பு இருந்தான். குத்துச்சண்டைக்காரன்.

அந்தக் காட்டில் வருஷா வருஷம் சுனையோரத்து மணல்திட்டில் குத்துச்சண்டைப் போட்டி நடக்கும். மொக்கராசு என்கிற கரடிதான் நடுவர். போட்டியை நடத்துவது ஓர் ஆள்காட்டிக் குருவி. எல்லோரும் அவளை அக்கா என்பார்கள். மணி கிணி எதுவும் கிடையாது. அக்கா கத்தினால் சண்டை ஆரம்பம். மறுபடி கத்தினால் நிறுத்த வேண்டும்.

"இது அமெச்சூர் போட்டி!" என்று அக்கா முதலிலேயே சொல்லிவிடுவாள்.

"அப்படின்னா?" என்றது ஒரு முயல்.

"அடி வாங்கலாம். வேற எதுவும் வாங்க முடியாது!"

ஆனாலும் ஆசைப்பட ஒன்று இருந்தது. இங்கே ஜெயிக்கிறவன் மலைக்கு அந்தப் பக்கம் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகலாம். எல்லாக் காட்டுச் சாம்பியன்களும் வந்து மோதுகிற இடம். அங்கே போய்க் குத்திவிட்டு வர வேண்டும் என்பதுதான் முத்திருளனுக்கு ஆசை. பாறையில் வெயில் காயும்போதும் அதே நினைப்பு. முட்டை குடிக்கும்போதும் அதே நினைப்பு.

ஒரே ஒரு குறை. குத்தப் போன இடத்தில் பிடித்துவிடுவான். உடும்புப் பிடி என்று ஊர் சும்மாவா சொல்கிறது?

முதல் வருஷம் ஒரு காட்டுச்சேவலோடு மோதினான். அக்கா கத்தினாள். முத்திருளன் பாய்ந்தான். சேவலின் தோளை இறுக்கிப் பிடித்தான். அதோடு சண்டை நின்றுபோயிற்று.

"பிரிங்கடா!" என்றார் மொக்கராசு.

சேவல் பிரியத் தயாராகத்தான் இருந்தது.

"டேய் முத்திருளா, இது குத்துச்சண்டை! கல்யாணம் இல்லை! கையை விடு!"

"விடத்தான் பாக்குறேன் மாமா! அது வர மாட்டேங்குது!"

பிடித்தது தப்பு, அதனால் தோல்வி என்று நடுவர் சொல்லிவிட்டார். சேவல் ஜெயித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பியது. முத்திருளனையும் தோளில் கூட்டிக்கொண்டுதான் போயிற்று.

அடுத்த வருஷம் முள்ளம்பன்றி. அதையும் பிடித்தான். அதைப் பற்றி அவன் யாரிடமும் பேசுவதில்லை.

"பிடிகாரன் வர்றான்! வாலைச் சுருட்டிக்கோங்கடா!" என்று மரத்துக் குரங்குகள் அவனைக் கண்டாலே கத்தும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வான். ஆனால் சண்டை முடிந்ததும் ஜெயித்தவன் கையை மொக்கராசு உயரத் தூக்குவார் பாருங்கள், காடே ஆர்ப்பரிக்கும் பாருங்கள், அதைத்தான் அவனால் பொறுக்க முடியாது. தன் கையை ஒருவரும் தூக்கியதில்லையே!

முள்ளம்பன்றி விவகாரத்துக்குப் பிறகு அக்கா ஒரு சட்டம் போட்டாள். "இனிமே எல்லாரும் கையில உறை மாட்டணும்!"

இலவங்காயைப் பிளந்து, பஞ்சுக்குள் கையை நுழைத்து, கொடியால் இறுக்கிக் கட்டினார்கள். முத்திருளனின் நகமெல்லாம் பஞ்சுக்குள் போயிற்று. பிடிக்க வழியில்லை. பிடிக்க வழியில்லாதவன் என்ன செய்வான்? குத்தினான்!

எப்படிக் குத்தினான்! அவன் குத்திய குத்தில் உறை கிழிந்து பஞ்சு பறந்தது. பறந்த பஞ்சு வானத்தை மறைத்தது. மழைதான் வருகிறது என்று மயில்கள் தோகை விரித்து ஆடின. நரி விழுந்தது. காட்டுப்பூனை விழுந்தது. கடைசிச் சண்டைக்குச் சங்கிலி என்ற கீரி வந்தான். மின்னல் மாதிரி துள்ளுகிறவன். முத்திருளன் பொறுமையாக நின்று, அவன் துள்ளி இறங்குகிற இடம் பார்த்து மூக்கில் ஒன்று வைத்தான். சங்கிலி உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

உறையைக் கழற்றிவிட்டுத்தான் கையைத் தூக்குவது அங்கே வழக்கம். உள்ளே கல் எதுவும் ஒளித்து வைக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரிய வேண்டுமே! முத்திருளனின் உறையும் கழன்றது. மொக்கராசு குனிந்தார். வெறுங்கையைப் பிடித்தார். தூக்கினார்.

"சாம்பியன் முத்திருளன்!" என்று அக்கா அலறினாள்.

காடே ஆர்ப்பரித்தது. முத்திருளன் நடுவரின் கையைப் பிடித்தான்.

மொக்கராசு நிமிர்ந்தார். முத்திருளனும் கூடவே நிமிர்ந்தான். அவன் கால் தரையில் இல்லை.

"போதும்டா, கையை விடு!"

"இன்னும் கொஞ்ச நேரம் மாமா!"

இந்தத் தடவை விட முடியாமல் இல்லை. விட மனம் வரவில்லை. கை இறங்கினால் பழைய பிடிகாரன் ஆகிவிடுவோமோ என்று பயம். கை மேலே இருக்கிற வரைக்கும் சாம்பியன்தானே?

கூட்டம் கத்திப் பார்த்தது. களைத்தது. அவரவர் வீட்டுக்குப் போனார்கள். மொக்கராசும் போனார். ஒற்றைக் கையால் புற்றைப் பறித்துக் கறையான் தின்றார். முதுகு அரித்தபோது முத்திருளனை வைத்தே சொறிந்துகொண்டார். எதிரே யார் வந்தாலும், தொங்கிக்கொண்டே, "நான்தான் சாம்பியன்!" என்று அவன் சொல்லத் தவறவில்லை.

பெரிய போட்டிக்குக் கிளம்பும் நாள் வந்தது.

"முத்திருளா, இறங்கி வா! நேரமாச்சு!" என்றாள் அக்கா.

"மாமாவும் வரட்டும்!"

"நம்ம நடுவரைக் கூட்டிக்கிட்டுப் போனா அங்க சேர்த்துக்க மாட்டாங்கப்பா! நீ வரலேன்னா இரண்டாவதா வந்தவன் போகணும். அதுதான் சட்டம்!"

இரண்டாவதாக வந்த சங்கிலி வீங்கிய மூக்கோடு முன்னால் வந்தான்.

"அண்ணே, விட்டுட்டுப் போங்கண்ணே! என் மூக்கை இந்தக் கதி ஆக்கின குத்து அங்கேயும் போய் விழணும். அப்பதானே நான் தோத்ததுக்கு ஒரு மரியாதை!"

"உன் வேலை எனக்குத் தெரியாதாடா?" என்றான் முத்திருளன். "நான் கையை இறக்கினதும் உன் கையைத் தூக்கிக்கலாம்னு பாக்குறே!"

"இனிமே எவன் கையையும் தொடக்கூட மாட்டேன்டா!" என்று மொக்கராசு அழாத குறையாகச் சொன்னார்.

சங்கிலி போனான். மலை வளைவில் அவன் மறையும்வரை முத்திருளன் உயரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். தோள் வலித்தது. கண்ணும் கொஞ்சம் கலங்கியது. ஆனாலும் விடவில்லை.

சில நாள் கழித்து மலைப்பக்கம் ஒரே ஆரவாரம். சங்கிலி ஜெயித்துவிட்டுத் திரும்பி வந்தான்! எல்லாக் காட்டுக்கும் சாம்பியன்!

"நடுவரே, கையைத் தூக்குங்க!" என்றாள் அக்கா.

மொக்கராசு யோசித்தார். இடது கைதான் காலியாக இருந்தது. சங்கிலியின் நகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தூக்கினார். காடு அதிர்ந்தது.

"மாமா, இறக்குங்க," என்றான் சங்கிலி. "வழியெல்லாம் தண்ணி இல்ல. நாக்கு ஒட்டிக்கிச்சு."

கையை உருவிக்கொண்டு சுனைக்குப் போனான். கூட்டமும் பின்னாலேயே ஓடியது.

"தள்ளிக்கோ! சாம்பியன் தண்ணி குடிக்கிறாரு!"

முத்திருளன் எட்டிப் பார்த்தான். சங்கிலியின் கை மேலே இல்லை. இரண்டு கையும் தண்ணீருக்குள் இருந்தன. அப்போதும் எல்லோரும் அவனைச் சாம்பியன் என்றுதான் கூப்பிட்டார்கள்.

"மாமா," என்றான் மெதுவாக. "நான் போயிருந்தா அங்க ஜெயிச்சிருப்பேனா?"

"உன் குத்தைத் தாங்கற ஆளு அங்க ஒருத்தனும் இல்லைன்னு சங்கிலியே சொல்றான்."

"அப்படியா சொல்றான்?"

"ஆமாடா. ஆனா குத்துறதுக்குக் கை வேணும்ல? அது இங்கதானே இருந்துச்சு!"

முத்திருளன் பிடியை விட்டான். மணலில் தொப்பென்று விழுந்தான். சுனைப் பக்கம் நின்ற ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மொக்கராசின் வலது கை மட்டும், இறங்க மறந்துபோய், அன்று முழுக்க மேலேயே நின்றது.

கிடைத்த வெற்றியை இறக்கி வைக்கத் தெரியாதவனுக்கு, அடுத்த வெற்றியை வாங்கிக்கொள்ளக் கை காலியாக இருக்காது.

இதை எங்கே வேண்டுமானாலும் போய்ச் சொல்லுங்கள். யார் சொன்னது என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். மொக்கராசு இன்னும் அந்தக் காட்டில்தான் இருக்கிறார், அறை விடுவதில் அவருடைய இடது கைக்கு ஒரு குறையும் இல்லை!