மறுபடி ஆடச் சொன்னவர்

நெதர்லாந்தில் குளிர்காலம் ஆறு மாதமும் மாடுகள் கொட்டிலுக்குள்ளேயே அடைந்து கிடக்கும். வசந்தத்தில் கதவைத் திறந்துவிடும் அன்று, கிழட்டுப் பசுகூடத் துள்ளிக் குதித்து ஆடும். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான்.

அப்படி ஒரு நாளுக்கு மறுநாள் வான் ஹூக் ஒரு பண்ணைக்கு வந்து சேர்ந்தார். நாடாளுமன்றத்தில் இருபத்திரண்டு வருஷமாக விவசாயத்துக்கென்றே பேசி வருகிறவர். அடுத்து அமைச்சராகும் ஆசை வேறு. காலில் புது ரப்பர் பூட்ஸ், பின்னால் நாலு கேமராக்காரர்கள்.

"ஆடுற மாடுகளோட எனக்குப் படம் வேணும்" என்றார்.

பண்ணையாள் சீட்ஸே விடிகாலையிலிருந்து சாணி அள்ளி ஓய்ந்துபோயிருந்தான். "நேத்தே ஆடி முடிச்சிருச்சுங்க ஐயா."

"இன்னிக்கும் ஆட வை. இல்லேன்னா, இந்தப் புல்வெளி மேல ரோடு போடுற திட்டத்தை நான் தடுக்கப்போறதில்ல."

பண்ணை முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. சீட்ஸே மண்வாரியைச் சுவரில் சாய்த்தான்.

"அடைஞ்சு கிடந்து வெளிய வந்தாத்தான் ஐயா ஆட்டம் வரும். நீங்க இருபத்திரண்டு வருஷமா அந்தக் கட்டடத்துக்குள்ள இருந்துட்டு, இன்னிக்குத்தான் புல்லுல கால் வச்சிருக்கீங்க. நீங்க ஒரு குதி குதிச்சா, அதுங்களும் பார்த்துக் குதிச்சாலும் குதிக்கும்."

படம் முக்கியமாயிற்றே. வான் ஹூக் குதித்தார். மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மேயப் போய்விட்டன.

மறுநாள் பத்திரிகையிலெல்லாம் அவர் குதிக்கும் படம்தான். தானே அவ்வளவு ஆனந்தமாக ஆடிய புல்வெளியில் ரோடு போடலாம் என்று இனி எந்த வாயால் சொல்வார்?

சீட்ஸே படத்தைப் பார்க்கவில்லை. அவனுக்கு அள்ளச் சாணி இருந்தது.