கரடி அமைச்சரின் தண்ணீர்க் குடுவை

மூங்கில்காட்டு மிருகசபையில் எதிர்க்கட்சிக்கு ஒரே ஓர் உறுப்பினர்தான். அது ஓர் உடும்பு. எதைப் பிடித்தாலும் விடாத இனம் அல்லவா! கேள்வி கேட்பதிலும் அதே பிடிதான்.

எதிரே அமைச்சர்கள் உட்கார்ந்திருப்பார்கள். தண்ணீர் வழங்கும் துறைக்குக் கரடி. பாதைகள் துறைக்குக் காட்டெருமை. செய்தித் துறைக்கு நரி. நரியை யார் அமைச்சராக்கினார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. தானே வந்து உட்கார்ந்துகொண்டது. அவைத்தலைவர் ஆந்தை. சபை பகலில் கூடுவதால் அது பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். எல்லோருக்கும் மேலே, பாறையின் உச்சியில், ராஜா சிங்கம்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. அமைச்சர்கள் மூன்று முறை வாலால் தரையைத் தட்டினால் தீர்மானம் நிறைவேறிவிட்டது என்று பொருள். அதை ராஜாவே நினைத்தாலும் பத்து நாளைக்கு மாற்ற முடியாது. கரடிக்கு வால் போதாது. அது பாதத்தால் தட்டும். தட்டித் தட்டிப் பழகியதில், புகழ்ச்சி காதில் விழுந்தாலே போதும், மீதியைக் கேட்காமலே எல்லாம் தட்ட ஆரம்பித்துவிடும்.

அந்த வருஷம் கோடை கொளுத்தியது. ஆறு வற்றிவிட்டது. பாறையடி ஊற்று ஒன்றுதான் மிச்சம். "குடும்பத்துக்கு நாளுக்கு நான்கு குடுவைத் தண்ணீர்!" என்று ராஜா உத்தரவு போட்டது. சுரைக்குடுவையால் அளந்து ஊற்றுவது கரடியின் வேலை. குடுவையை வேறு யாரும் தொடக்கூடாது. ராஜாவுக்கும் அமைச்சர்களுக்கும் மட்டும் அளவு கிடையாது. ஊற்றிலேயே வாய் வைத்து வயிறு முட்டக் குடிக்கலாம்.

ஒருநாள் காலையில் காட்டுக்கோழி ஒன்று உடும்பைத் தேடி ஓடிவந்தது.

"அண்ணே! போன மாசம் நாலு குடுவை ஊத்தினா என் கல்குழி நெறைஞ்சு வழியும். இப்ப பாதிக்கு மேல ஏறவே மாட்டேங்குது. கடைக்குட்டிக் குஞ்சு நேத்துலேருந்து கண்ணு தெறக்கலண்ணே!"

உடும்பு போய்ப் பார்த்தது. உடும்புகள் முட்டை திருடித் தின்னும் இனம்தான். ஆனால் இந்த உடும்பு தேர்தலுக்கு முன்பே அந்தப் பழக்கத்தை விட்டிருந்தது. குஞ்சின் கழுத்து துவண்டு கிடந்தது. தன் பங்குத் தண்ணீரில் ஒரு குடுவையைக் குஞ்சுக்குக் கொடுத்துவிட்டு நேராகச் சபைக்குப் போனது.

"தண்ணீர்க் குடுவை ஏன் சிறுத்துப்போனது? அமைச்சர் பதில் சொல்வாரா?"

கரடி மெதுவாக எழுந்தது. "குடுவை சிறுக்கவில்லை. கோழியின் கல்குழிதான் பெருத்துவிட்டது! கல் வளரும் என்பதுகூட உறுப்பினருக்குத் தெரியாதா?"

டம், டம், டம் என்று தரை அதிர்ந்தது.

நரி துள்ளி எழுந்தது. "முந்தைய ஆட்சியில் குடுவையே கிடையாது! அதை உறுப்பினர் மறந்துவிட்டார்!"

"முந்தைய ஆட்சியில் ஆறு ஓடியதே ஐயா!" என்றது உடும்பு. அதற்குள் சபை கலைந்துவிட்டது.

இரண்டாம் நாளும் உடும்பு எழுந்தது.

"குடுவை ஏன் சிறுத்தது? அதைச் சபைக்குக் கொண்டுவந்து காட்டட்டும்!"

இம்முறை காட்டெருமை பதில் சொன்னது. "இந்த ஆண்டு மட்டும் பன்னிரண்டு பாதைகள் போட்டிருக்கிறோம்!"

"நான் கேட்டது தண்ணீரை!"

"பாதை இல்லாமல் தண்ணீருக்கு எப்படிப் போவீர்கள்?"

டம், டம், டம்! ஊருக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொல்கிற கதைதான். இந்தச் சத்தத்தில் ஆந்தை விழித்துக்கொண்டது.

"ஒரே கேள்வியை ஆதாரமில்லாமல் மூன்று முறை கேட்டால் உறுப்பினர் பதவி போய்விடும். ஏற்கெனவே இரண்டு முறை ஆகிவிட்டது. நினைவிருக்கட்டும்!" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டது.

உடும்பு வாலை இழுத்துக்கொண்டு வளைக்குத் திரும்பியது. ஆதாரத்துக்கு எங்கே போவது? குடுவையோ கரடியின் அக்குளில். பதவியும் போய்விட்டால் கோழிக்காகக் கேட்க இந்தக் காட்டில் யார் இருக்கிறார்கள்? அழுகையே வந்துவிட்டது அதற்கு. அழுதுகொண்டே அன்றைய கூத்தை நினைத்துப் பார்த்தது. காட்டெருமை வாயை மூடுவதற்குள் தரையைத் தட்டினார்களே! என்ன சொன்னது என்று ஒருவருக்காவது தெரிந்திருக்குமா?

உடும்பு சட்டென்று அழுகையை நிறுத்தியது. பிறகு சிரித்தது.

மூன்றாம் நாள். உடும்பின் பதவி போவதைப் பார்க்கக் காடே திரண்டுவிட்டது. நரி முன்வரிசையில் இடம்பிடித்தது.

உடும்பு எழுந்து கைகூப்பியது. "அவைத்தலைவர் அவர்களே! இன்று எனக்குக் கேள்வியே இல்லை. நான் தவறு செய்துவிட்டேன்!"

டம்! காட்டெருமையின் வால் தானாகத் தட்டியது.

"நம் கரடியாரின் குடுவைபோல நிறைவான குடுவை ஏழு காட்டிலும் இல்லை. நான்கு குடுவை ஒரு குடும்பத்துக்குத் தாராளம்! கரடியாரே, உண்மைதானே?"

"உண்மை! உண்மை!" என்றது கரடி, பூரித்துப்போய்.

"இந்தப் பெருமையை உலகறியச் செய்ய வேண்டாமா? இன்று முதல் ராஜாவுக்கும் அமைச்சர்களுக்கும் இதே குடுவையால் நாளுக்கு நான்கே அளக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருகிறேன். அள்ளி அள்ளி வழங்கும் அமைச்சர்கள் வாழ்க!"

'வாழ்க' என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம். டம், டம், டம்!

ஆந்தை ஒற்றைக் கண்ணைத் திறந்தது. "தீர்மானம் நிறைவேறியது!" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனது.

கரடிக்குத் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல ஆகிவிட்டது. 'போதாது' என்று சொன்னால் குட்டு வெளிப்படும். 'போதும்' என்று சொன்னால் ராஜாவுக்கும் மற்ற அமைச்சர்களுக்கும் நாக்கு வறளும். அது குடுவையை அக்குளில் இன்னும் இறுக்கிக்கொண்டது.

அன்று மத்தியானம் காட்டெருமைக்கு நான்கு குடுவை அளந்தது கரடி. நாக்கின் நுனிகூட நனையவில்லை. "இன்னும் கொஞ்சம்..." என்றது. "தாராளம் என்று நீங்கள்தானே தட்டினீர்கள்!" என்றது வரிசையில் நின்ற முயல். ராஜா சிங்கமோ ரோஷக்காரச் சிங்கம். "பிரஜைகளுக்குப் போதுமென்றால் எனக்கும் போதும்!" என்று குடித்துவிட்டுப் போனது. மறுநாள் அது கர்ஜித்தபோது பூனை இருமுவதுபோல இருந்தது. உடும்பு மட்டும் தினம் ஒரு குடுவையைக் கோழிக்குஞ்சுக்குக் கொடுத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தது.

மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. சபை கூடியதும் காட்டெருமை துள்ளி எழுந்தது.

"அவைத்தலைவர் அவர்களே! தண்ணீர்க் குடுவை ஏன் சிறுத்துப்போனது?"

உடும்பு உடனே குதித்தது. "ஒழுங்குப் பிரச்சினை! குடுவை சிறுக்கவில்லை. மாண்புமிகு அமைச்சரின் வயிறுதான் பெருத்துவிட்டது!"

காடே கொல்லென்று சிரித்தது.

"விளையாடாதே! தொண்டை வறண்டு சாகிறேன்!"

"முந்தைய ஆட்சியில் குடுவையே கிடையாதே! அதை அமைச்சர் மறந்துவிட்டாரா?"

காட்டெருமைக்குக் கோபம் தலைக்கேறியது. கரடியின் அக்குளிலிருந்து குடுவையைக் கொம்பால் தட்டிவிட்டு, குளம்பால் ஒரே மிதி! குடுவை உடைந்தது. உள்ளே பாதி உயரத்துக்குக் கெட்டியாகப் பூசிய களிமண் கட்டி உருண்டு வந்து ராஜாவின் காலடியில் நின்றது.

"அது... அது குடுவை உடையாமல் இருக்கப் பூசியது மகாராஜா!" என்றது கரடி.

"மிச்சத் தண்ணீர் எங்கே?" என்றது ராஜா.

காட்டெருமை திடீரென்று தலையில் அடித்துக்கொண்டது. "ஐயோ! பன்னிரண்டாவது பாதை! கரடியார் சொன்னார் என்று எங்கே போகிறது என்றுகூடக் கேட்காமல் போட்டேனே!"

எல்லோரும் அந்தப் பாதையில் போனார்கள். பாறைக்குப் பின்னால் ஒரு குட்டை, கரடி மத்தியானத்தில் படுத்துப் புரள்வதற்காக. தெளிந்த தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. "நான் அன்றைக்கே சொன்னேன், இந்தக் கரடியை நம்பாதீர்கள் என்று!" என்றது நரி. யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றே கரடியின் பதவி போனது. கோழியின் கல்குழி நிறைந்து வழிந்தது. கடைக்குட்டிக் குஞ்சு அதில் இறங்கி, குடித்ததைவிட அதிகமாகச் சிதறடித்தது.

ராஜா உடும்பைக் கூப்பிட்டது. "தண்ணீர்த் துறையை நீயே எடுத்துக்கொள்!"

"வேண்டாம் மகாராஜா! அந்த வரிசையில் உட்கார்ந்தால் வால் தானாகத் தட்ட ஆரம்பித்துவிடும். வேறு நல்லவராகப் பாருங்கள். நாளைக்கு அவரிடமும் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. ஆனால் ஒன்று: தீர்மானத்துக்குப் பத்து நாள் முடிந்தாலும், ராஜாவுக்கும் அமைச்சர்களுக்கும் பிரஜைகளுக்கு அளக்கும் குடுவைதான் இருக்கட்டும்!"

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். ஆகவே, ஊருக்கு அளக்கும் குடுவையாலேயே ஆளுகிறவர்களுக்கும் அளந்தால், அளவு ஒருநாளும் குறையாது.