வாலை ஊன்றிய விமானம்

"மேடம், இதைப் பிளக்காம சரிபண்ண ஏதாவது வழி இருக்குங்களா?"

நிறைந்த குழம்புச் சட்டியைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கி வந்த பிளாஸ்டிக் மாதிரி விமானத்தை ஆறுச்சாமி மேஜைமேல் வைத்தார். மூன்று சக்கரத்தில் நிற்க வேண்டிய விமானம் அது. வாலை ஊன்றி, மூக்கைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தது.

மெர்லின் பல்செட் செய்யும் லேப் வைத்திருப்பவர். வயது முப்பத்தொன்று. கோவையில் பிளாஸ்டிக் விமானம் ஒட்டுகிற பத்துப் பன்னிரண்டு பேருக்கும் அவர்தான் குரு. ஆறுச்சாமிக்கு அறுபத்திரண்டு. நில அளவைத் துறையில் படம் வரைந்து ஓய்வுபெற்றவர்.

"எத்தனை நாள் வேலை சார்?"

"ரெண்டு வருசமுங்க."

டப்பாவில் வந்தது வெறும் ஓடு. உள்ளே ஒன்றும் கிடையாது. ஆறுச்சாமிக்கு அது பொறுக்கவில்லை. நாற்பத்தெட்டு சீட் செய்தார். ஒவ்வொன்றுக்கும் பெல்ட். பின்னால் சமையல் மேடை, அதன்மேல் காபிக் குடுவை. கழிப்பறைக்குக் கதவு, கதவுக்குத் தாழ்ப்பாள். விமானிகள் இருவருக்கும் மீசை.

வால் தாழாமலிருக்க மூக்குக்குள் ஈயக்குண்டு வைத்து ஒட்டவும் என்ற முதல் வரியை மட்டும் விட்டுவிட்டார். டப்பாவோடு வந்த குறிப்புத்தாளில் பதினான்கு பிழை கண்டுபிடித்துச் சிவப்பு மையில் திருத்திய மனிதர், அதற்குப் பிறகு அதை எங்கே படிக்கப்போகிறார்?

"ஞாயித்துக்கிழமை கல்யாண நாளுங்க. முப்பத்தஞ்சாவது. கல்யாணமான புதுசுல அவ ஒரே ஒரு தடவ பிளேன்ல போனா. இதே மாதிரி பிளேன். அதை அப்படியே அவ கண்ணு முன்னால கொண்டுவந்து வைக்கோணும்னு..."

"பிளந்தா என்னாகும்?"

"பெயிண்ட் போயிருமுங்க. ஓடே ஒடைஞ்சாலும் ஒடைஞ்சிரும். பேசாம வாலுக்கடியில ஒரு குச்சி முட்டு குடுத்துரட்டுங்களா?"

மெர்லின் சின்ன டார்ச் ஒன்றை எடுத்து ஜன்னல் ஜன்னலாக அடித்துப் பார்த்தார். ஏழாவது ஜன்னலில் நிறுத்தினார்.

"பச்சைச் சேலையில ஒரு அம்மா."

"அவதானுங்க." ஆறுச்சாமிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "மூக்குத்தி கூட வெச்சிருக்கேன் பாருங்க."

மெர்லின் டார்ச்சைக் கொஞ்சம் நகர்த்தினார். பக்கத்து சீட் காலி.

"வீட்டுக்கு ஒரு போன் போடுங்க சார்."

"ஐயோ, அவளுக்குத் தெரிஞ்சிருமுங்க."

"இதைப் பத்திப் பேச வேண்டாம். அன்னைக்கு பிளேன்ல என்னென்ன பாத்தாங்கன்னு மட்டும் கேளுங்க."

ஆறுச்சாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. குரு சொல்லிவிட்டாரே என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"தங்கம், அன்னைக்கு மெட்ராசுக்கு பிளேன்ல போனமே. உள்ள என்னென்ன பாத்த?"

"என்னங்க திடீர்னு? வடைச்சட்டி அடுப்புல இருக்குது."

"சும்மா சொல்லு."

"நானெங்க பாத்தேன்? ஏறி உக்காந்ததுல இருந்து கண்ணை இறுக்க மூடிட்டு உங்க கையைத்தானுங்க புடிச்சிருந்தேன். நகம் பதிஞ்சு போச்சுன்னு நீங்க மூணு நாள் ஊரெல்லாம் காட்டுனீங்களே, மறந்துட்டீங்களா?" அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. "வடை கருகுது, வைங்க."

ஆறுச்சாமி முகத்தில் ஈயாடவில்லை. நாற்பத்தெட்டு பெல்ட்டையும் காபிக் குடுவையையும் தாழ்ப்பாளையும் செய்த கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

பிறகு டார்ச்சை வாங்கி, ஏழாவது ஜன்னலில் கண்ணை ஒட்டிவைத்துப் பார்த்தார்.

அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மெர்லின் மெல்லிய பிளேடு ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

ஆறுச்சாமி அதை எடுத்து, மூக்கிலிருந்து வால்வரை ஓடும் ஒட்டுக்கோட்டில் வைத்து அழுத்தினார்.

"ஈயக்குண்டு எத்தனை கிராம் எடுத்து வைக்கட்டும் சார்?"

"அது அப்புறமுங்க. மொதல்ல அவ பக்கத்து சீட்டுக்கு ஆள் செய்யோணும்."