இரண்டு கேன் கோயமுத்தூர்

ஆலங்கரையில் ஒரு நாடகக் குழு உண்டு. மேடை ஏறாத குழு. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஊர்ப் பண்பலையில் அரை மணி நேரம் நாடகம் போடுவார்கள், அதோடு சரி. குழுவில் மொத்தம் நாலு பேர். நாலு பேருக்கும் சேர்த்து மூளை எவ்வளவு என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு அவர்களைப் பிடிக்கும்.

தலைவர் மாசிலாமணி, ரேஷன் கடையில் எடை போடுகிறவர். நாடகத்தை எழுதுவதும் அவர்தான், மற்றவர்களைத் திட்டுவதும் அவர்தான். கதாநாயகன் தில்லைக்கண்ணு சைக்கிள் கடைக்காரர். கதாநாயகி செங்கமலம் ஜாக்கெட் தைக்கிறவர். மிச்சம் இருக்கிற எல்லா வேஷமும் உத்தண்டிக்கு. நாய், கதவு, இடி எல்லாம் அதில் அடக்கம்.

இவர்களுக்கு ஒரே ஒரு பைத்தியம். எதுவும் அசலாக இருக்க வேண்டும். மழைக் காட்சி என்றால் குழாயடியில் நனைந்துவிட்டுத்தான் மைக் முன்னால் வருவார்கள். கல்யாணக் காட்சிக்குச் செங்கமலம் பட்டுச்சேலை, ஒட்டியாணம் எல்லாம் கட்டிக்கொண்டு வந்தார்.

"இது ரேடியோங்க, யாருக்கும் தெரியாது" என்றார் நிலையத்தை நடத்துகிற எஸ்தர் மேடம்.

"யாருக்கும் தெரியாதுங்கிறதுக்காக ஏமாத்தலாமா மேடம்?" என்றார் மாசிலாமணி.

சொன்ன சொல்லை அப்படியே செய்வதிலும் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு தடவை மேடம், "மைக்கை ஒட்டி நிக்காதீங்க, தள்ளி நில்லுங்க" என்றார். எவ்வளவு தள்ளி என்று சொல்லவில்லை. நாலு பேரும் பஸ் ஸ்டாப் வரைக்கும் போய் நின்று நடித்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்க அரை மணி நேரம் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. இதுவரை போட்டதில் அதுதான் நல்ல நாடகம் என்று சொல்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

வினை வந்தது வேறு நாடகத்தில். அதில் ஒரு கோயமுத்தூர் முதலாளி வருவார். வெளியூர்க்காரர் என்றால் மெட்ராஸ் பாஷைதான் என்று உத்தண்டிக்கு யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். "இன்னா நைனா, மில்லு இன்னா ஆச்சு?" என்று அவர் வெளுத்து வாங்கினார்.

மறுநாள் காலை நிலையம் திறக்கும் முன்பே வாசலில் ஒருத்தர் நின்றார். சென்னியப்பன். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். ஆலங்கரைக்கு வந்து மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டும் கடை போட்டு ரொம்ப வருஷம் ஆகிறது. கோபத்தில்கூட மரியாதை குறையாத மனுஷர்.

"ஏனுங் மேடம், எங்கூர்ல எந்த மில்லு மொதலாளிங் 'இன்னா நைனா'ன்னு பேசறாரு? எங்களையெல்லாம் பாத்தா எப்படிங் தெரியுது உங்களுக்கு?"

எஸ்தர் மேடம் குழுவைக் கூப்பிட்டு முடிவாகச் சொல்லிவிட்டார். "வர்ற ஞாயித்துக்கிழமை கோயமுத்தூர்க் குடும்பக் கதை ஒண்ணு போடுங்க. சென்னியப்பன் சார் என் ரூம்ல உக்காந்து கேப்பார். அந்த ஊர்த் தண்ணி குடிச்சு வளந்தவங்க பேசற மாதிரி இருக்கணும். அவர் இல்லைன்னு தலையாட்டினா, அதுக்கப்பறம் அந்த அரை மணி நேரம் சமையல் குறிப்புக்குப் போயிடும்."

மாசிலாமணிக்கு முகம் செத்துவிட்டது. திங்கள் முதல் சனி வரை அவர் எடைக்கல்லுக்குப் பின்னால் நிற்கிற ஒரு ஆள், அவ்வளவுதான். சர்க்கரை குறைகிறது என்று எல்லோரும் அவரைத்தான் ஏசுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் டீக்கடையில் ரேடியோவைச் சத்தமாக வைத்து, "நம்ம மாசிலாமணி எழுதினது" என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் மனுஷன் ஆறு நாளும் உயிரோடு இருந்தார். அது போய்விட்டால் அவருக்கு வேறு ஒன்றும் இல்லை.

சென்னியப்பனுக்கே மனசு கேட்கவில்லை. "கவலப்படாதீங்கோ. பொழுதோட கடைக்கு வந்தீங்கன்னா நானே பேசிக் காட்டறனுங்" என்றார்.

மாசிலாமணி கை கூப்பினார். "தப்பா நெனைக்கக் கூடாது. நீங்க இஞ்ச வந்து எத்தினி வருசமா காவேரித் தண்ணி குடிக்கிறிய. உங்க பேச்சு இந்நேரம் கெட்டுப் போயிருக்கும். எங்களுக்கு அசல் வேணும்."

"ஆமாமா, இவரு பேசறது கோயமுத்தூர் மாதிரியே இல்ல" என்றார் உத்தண்டி.

வாக்குவாதம் முற்றும் என்று பயந்து எஸ்தர் மேடம், "எல்லாரும் கொஞ்சம் மரியாதையாப் பேசுங்க" என்றார். மாசிலாமணி அதையும் மனசில் குறித்துக்கொண்டார்.

அன்றைக்கே குழு கூடியது.

"அந்த ஊர்த் தண்ணி குடிக்கணும்னு மேடம் தெளிவாச் சொல்லிட்டாங்க" என்றார் மாசிலாமணி. "குடிச்சா பேச்சு தானா வரும்."

"வளரணும்னும் சொன்னாங்களே?" என்றார் செங்கமலம்.

இது பெரிய சிக்கலாக இருந்தது. எல்லோரும் யோசித்தார்கள். கடைசியில் தில்லைக்கண்ணு, "நான் போன வருசத்துக்கு இப்ப ரெண்டு சுத்து பெருத்திருக்கேன். நம்ம எல்லாருமே வளந்துக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றார். சிக்கல் தீர்ந்தது.

தில்லைக்கண்ணு இரண்டு கேனோடு கோயமுத்தூருக்கு பஸ் ஏறினார். போயும் வந்தார்.

"அங்க எல்லாரும் எப்படிப் பேசிக்கிறாங்க?" என்று ஆசையாகக் கேட்டார் செங்கமலம்.

"நான் கேக்கலியே" என்றார் தில்லைக்கண்ணு. "பஸ்ஸை விட்டு எறங்குனதும் காதுல பஞ்சு வெச்சுக்கிட்டேன். தண்ணிக்குன்னு போயிட்டு அவங்க பேச்சையும் எடுத்துக்கிட்டு வந்தா அது திருட்டு இல்லையா? ஒருத்தர் வீட்டுக் கொழாயில புடிச்சேன். அந்தம்மா பாவம், என்னமோ நிறையப் பேசினாங்க. நான் ஒரு வார்த்தை உள்ள விடல."

அவருடைய நேர்மையை மூன்று பேரும் பாராட்டினார்கள். பிறகு அவர் லேசாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வரும் வழியில் கேன் இரண்டும் ஒழுகிவிட்டதையும், கரூரில் இறங்கிக் குழாய்த் தண்ணீரை மேலே ரொப்பிக்கொண்டு வந்ததையும் சொன்னார்.

மாசிலாமணி கேனைத் தூக்கிப் பார்த்தார். "கோயமுத்தூர்த் தண்ணி எவ்வளவு மிச்சம் இருந்துச்சு?"

"அடியில கொஞ்சம்."

"அது போதும்" என்றார் மாசிலாமணி. "புதுசா வந்த தண்ணி பழைய தண்ணியப் பாத்துக் கத்துக்கும். கரூர்லேர்ந்து இஞ்ச வர்ற வரைக்கும் ஒண்ணாத்தானே உக்காந்து வந்திருக்கு?"

செங்கமலம் தண்ணீரைக் காய்ச்சி ஆற வைக்கலாம் என்றார். கொதிக்க வைத்தால் பேச்சு செத்துவிடும் என்று உத்தண்டி அலறினார். அந்த யோசனை கைவிடப்பட்டது. யாருக்கு எவ்வளவு என்பதில்தான் நேரம் போனது. கதையில் அண்ணன், தங்கச்சி இரண்டு பேரும் பிறந்ததிலிருந்து கோயமுத்தூர்; அவர்களுக்கு ஆளுக்கு ஒரு குடம். கணக்குப்பிள்ளை ஈரோட்டிலிருந்து வந்தவர், ஆகவே அரைக்குடம். எழுதினவர் என்று மாசிலாமணிக்கும் அதே அளவு. நாய்க்கு எவ்வளவு?

"நாய் எந்த ஊர்லயும் ஒரே மாதிரிதான் கொலைக்கும்" என்றார் தில்லைக்கண்ணு.

"அப்படி நெனைச்சித்தான போன நாடகத்துல மாட்டிக்கிட்டோம்?" என்றார் உத்தண்டி. நாய்க்கும் ஒரு சொம்பு ஒதுக்கினார்கள். ஆனால் கணக்குப்பிள்ளையும் நாயும் உத்தண்டியே என்பதால் அவர் இரண்டையும் குடிக்க வேண்டியதாயிற்று.

இதற்கிடையில் மாசிலாமணி கதையை எழுதி முடித்திருந்தார். சொத்துச் சண்டையில் பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணனும் தங்கச்சியும் வெகுநாள் கழித்துச் சந்திக்கிறார்கள். அதுதான் கதை. மரியாதையாகப் பேசச் சொல்லி மேடம் உத்தரவு போட்டிருந்ததால், ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு 'ங்க' சேர்த்திருந்தார். நாயைக்கூட "குலைக்காதீங்க" என்றுதான் அதட்டுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நிகழ்ச்சி நேரலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சென்னியப்பன் காதில் ஹெட்போன் மாட்டி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் நாலு பேரும் கேனைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். அடி வண்டலில்தான் அசல் இருக்கும் என்று மாசிலாமணி இரண்டாவது கேனில் ஒரு தம்ளர் மட்டும் மீதி வைத்தார். கொஞ்ச நேரத்தில் தில்லைக்கண்ணு எழுந்து கதவுப் பக்கம் நடந்தார்.

"எங்க போறே?"

"கொல்லைப்பக்கம் போயிட்டு வந்துர்றேன்."

மாசிலாமணி பாய்ந்து கதவை மறித்தார். "யோவ், அறிவிருக்கா? குடிச்ச பேச்சையெல்லாம் போய் ஊத்திட்டு வந்து எதை வெச்சிப் பேசுவே? நாடகம் முடியற வரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது."

இதில் இருந்த நியாயம் எல்லோருக்கும் உடனே புரிந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது.

முதல் வசனத்தைத் தில்லைக்கண்ணு இரண்டு தொடையையும் நெருக்கிக்கொண்டு பேசினார். அந்த நிலையில் ஒரு மனுஷன் வாக்கியத்தை எப்படி முடிப்பான்? கடைசி எழுத்துக்கு வரும்போது மூச்சை உள்ளே பிடிக்கிறான். 'வாங்க' என்று எழுதியிருந்தது, 'வாங்ங்' என்று மூக்கோடு நின்றது. 'நல்லா இருக்கீங்களா' என்பது பாதியிலேயே இறுகி, 'நல்லா இருக்கீங்ங்' என்று கெஞ்சியது. செங்கமலத்துக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

"என்மேல கோவமுங்ங்?" என்றார் அவர்.

"இல்லீங்ங்" என்றார் தில்லைக்கண்ணு. அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

வேதனை என்றால் அப்படி ஒரு வேதனை. உத்தண்டி குலைத்தபோது கேட்டவர்களுக்கு நெஞ்சு அடைத்தது. டீக்கடையில் கண்ணாடித் தம்ளரைக் கழுவுகிற சத்தம்கூட நின்றுவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

மாசிலாமணி கண்ணாடி வழியாகப் பார்த்தார். சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டிருந்தார், தோள் குலுங்கியது. சரி, சமையல் குறிப்புதான் என்று மாசிலாமணி முடிவு செய்தார். அவருக்கும் அழுகை வந்தது.

நாடகம் முடிந்து சிவப்பு விளக்கு அணைந்ததுதான் தாமதம், நாலு பேரும் காணாமல் போனார்கள். சென்னியப்பன் ஓடிவந்து பார்த்தால் அறை காலி. நெடுநேரம் கழித்து முகம் தெளிந்து ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

சென்னியப்பன் மாசிலாமணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அசந்து போயிட்டனுங். என்ர அக்கா பேசறாப்புலயே இருந்துச்சுங். அண்ணன் தங்கச்சிக்குள்ளகூட மரியாதி கொறையாது பாருங்கோ, அதையெல்லாம் எப்படிங் கண்டுபுடிச்சீங்? நானும் அக்காகூடப் பேசி ரொம்ப நாளாச்சுங். நாளைக்கே பஸ் ஏறறனுங்."

எஸ்தர் மேடம் பின்னாலேயே வந்தார். "அரை மணி நேரம் உங்களுக்குத்தான். அடுத்த ஞாயித்துக்கிழமையும் இதே குடும்பம். இதே பேச்சு."

மாசிலாமணி மூக்கை உறிஞ்சிக்கொண்டார். சந்தோஷம் தாங்காமல், மீதி வைத்திருந்த ஒரு தம்ளர் தண்ணீரைச் சென்னியப்பனிடமே நீட்டினார். "கோயமுத்தூர்த் தண்ணி. குடிங்க, உங்க பேச்சும் கொஞ்சம் தேறும்."

சென்னியப்பன் ஒரு மடக்குக் குடித்துக் கண்ணை மூடினார். "அடடா, சிறுவாணித் தண்ணியேதானுங். இந்த ருசி வேற எங்கீங் வரும்?"

"பாத்தியளா, உடனே வந்துடுச்சு பேச்சு!" என்றார் உத்தண்டி. கரூர்ப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. யாருக்கும் அது ஞாபகமே இல்லை.

அப்புறம்தான் மாசிலாமணிக்கு உறைத்தது. கேன் இரண்டும் காலி. குடித்ததும் போய்விட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு எதை வைத்துப் பேசுவது? அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

தில்லைக்கண்ணு மட்டும் யோசித்துக்கொண்டே நின்றார். "போச்சுங்கிறிய, எங்க போச்சு? நம்ம கக்கூஸ் தண்ணி எங்க போகுது?"

நாலு பேரும் கொல்லைப்பக்கம் போனார்கள். குழாய் சுவரைத் தாண்டி ஒரு தென்னை மரத்தின் அடியில் முடிந்தது. மண் ஈரமாக இருந்தது. மேலே ஒரு குலை இளநீர் தொங்கியது. மாசிலாமணி செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே போய், மரத்தில் காதை வைத்தார்.

"பேசுதா?" என்றார் செங்கமலம்.

"மெதுவா. இப்பத்தான ஏறியிருக்கு."

உத்தண்டியைக் கீழே காவலுக்கு நிறுத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை வரை ஒரு காயையும் யாரும் தொடக் கூடாது என்று முடிவாயிற்று.

சென்னியப்பன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு பின்னாலேயே நின்றிருந்தார். நல்ல மனுஷர். "எதுக்குங் இந்தச் செரமம்? நாளைக்கு ஊருக்குத்தானுங் போறேன். அந்தக் கேன் ரெண்டையும் குடுங்கோ, பச்சுனு தண்ணி புடிச்சாந்து தாரனுங்."

மாசிலாமணி மரத்தை விட்டுக் காதை எடுக்காமலே கையை ஆட்டினார்.

"வேண்டாங்க. அங்க இருக்கறது சும்மா தண்ணி. இது ஏற்கெனவே ஒரு நாடகம் நடிச்ச தண்ணி."